எட்டு மணிக்கா, எட்டு மணிக்குள்ளா? ஆங்கிலத்தில் நாள் குறிக்கும் சிங்கப்பூர்த் தமிழர்

சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு பொது விடுமுறை நாள்கள் 16இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டன. அப்போது தைப்பூசமும் பட்டியலிலிருந்து நீங்கியது. அதிலிருந்து, தைப்பூசம் வேலை நாளில் வரும் ஆண்டுகளில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில்வரை காவடியோ பால்குடமோ எடுத்துச் செல்பவர்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. இத்தனாம் தேதி விடுப்பு வேண்டும் என்பதுதான் அந்த வரி. முதல் காவடிகள் முந்தைய நள்ளிரவை ஒட்டியே புறப்பட்டுவிடும். எனவே விடுப்பு ஒரு நாளுக்கு என்றாலும், முதல் நாள் மாலையில் எத்தனை மணிக்கு இருக்கையைவிட்டு எழலாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அங்கேதான் கை தயங்குகிறது. தேதிக்கு முன்னால் 'ஆன்' போடுவதா, 'ஃபார்' போடுவதா? 'ஐ வில் டேக்' என்று எழுதுவதா, 'ஐ ஆம் டேக்கிங்' என்று எழுதுவதா?

இந்தத் தயக்கத்தை ஆங்கில அறிவின் குறையாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். 2000ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கமும் பிழை, திருத்தம் என்ற வழியிலேயே அதை அணுகியது. என் எண்ணம் வேறு. நேரத்தையும் நாளையும் குறிக்கும் ஆங்கில முன்னிடைச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் வேற்றுமை உருபுகள் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. தமிழரை உண்மையில் தடுக்கி விழச் செய்பவை வினை வடிவங்கள். நம் பயிற்சி வகுப்புகளோ முன்னிடைச் சொற்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, வினையை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன.

முதலில் பொருத்தத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. தமிழில் 'எட்டு மணிக்கு' என்போம். 'எட்டு மணியில்' என்று யாரும் சொல்வதில்லை. கிழமைக்கு உருபே வேண்டாம், 'திங்கட்கிழமை வா' என்றால் போதும். அழுத்தம் வேண்டுமானால் 'அன்று' சேர்ப்போம். மாதமும் ஆண்டும் 'இல்' ஏற்கும்: மார்ச்சில், 2024இல். ஆங்கிலத்தைப் போலவே தமிழும் மூன்றாகப் பிரிக்கிறது. பிரிக்கும் இடங்களும் அவையே. தேக்கா சந்தையில் நம் பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரருக்கு இந்த வசதி கிடையாது. மணி, கிழமை, மாதம், ஆண்டு எதுவானாலும் மலாயில் 'பாடா' என்ற ஒரே சொல் போதும். மாண்டரினிலோ பெரும்பாலும் எதுவுமே வேண்டாம். எட்டு மணி, திங்கட்கிழமை, மூன்றாம் மாதம் என்று பெயரை மட்டும் வைத்தாலே வாக்கியம் நிறைந்துவிடும். சிங்கப்பூரின் மூன்று தாய்மொழிகளில் இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலத்துக்கு மிக அருகில் இருப்பது தமிழ்தான்.

ஏழாம் வேற்றுமை வினை நிகழும் இடத்தையும் நிலத்தையும் காலத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே உருபு வரலாம் என்ற உணர்வு நம் இலக்கண மரபின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் 'அட்', 'ஆன்', 'இன்' மூன்றும் இடத்துக்கும் வருவன, காலத்துக்கும் வருவன. அந்த வேற்றுமையின் கீழ்த் தொல்காப்பியம் அடுக்கும் சொற்களில் உள், முன், பின், இடை ஆகியவையும் உண்டு. 'பை', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'பிட்வீன்' என்று பிற்பாடு நாம் படிக்கும் சொற்களின் வேலையைத் தமிழில் செய்பவை அவைதான்.

நான்காம் வேற்றுமையான 'கு' இன்னும் உதவுகிறது. 'தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன்' என்பதும் 'தீபாவளி அன்று கோயிலில் இருப்பேன்' என்பதும் நமக்கு வேறு வேறு. முன்னது பண்டிகையை ஒட்டிய சில நாள்களைச் சேர்த்துச் சொல்வது, பின்னது அந்த ஒரு நாளை மட்டும். ஆங்கிலமும் முன்னதற்கு 'அட்' அல்லது 'ஃபார்' போடும், பின்னதற்கு 'ஆன்' போடும். 'ஷெட்யூல்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் அலுவலக மின்னஞ்சல்களில் 'ஷெட்யூல்ட் ஆன் 5 மே' என்று பரவலாக எழுதுகிறார்கள். பதிப்பாசிரியர்கள் அதை 'ஷெட்யூல்ட் ஃபார்' என்று திருத்துவார்கள். 'ஹெல்ட் ஆன்' என்பதைத் தொடமாட்டார்கள். காரணம் கேட்டால் வழக்கு அப்படி என்பார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: கூட்டத்தை 5ஆம் தேதிக்கு வைத்திருக்கிறார்கள், கூட்டம் 5ஆம் தேதி நடக்கும். முதலாவதில் 'கு' தானாக வந்து விழுகிறது. ஒன்றை ஒரு நாளுக்கு என்று ஒதுக்கும்போது நமக்கும் 'கு' வேண்டும், அந்த நாளில் அது நடக்கும்போது வேண்டாம். ஒத்திவைப்பதும் இப்படித்தான்: 12ஆம் தேதிக்குத் தள்ளினார்கள் என்போம், அங்கே ஆங்கிலம் 'டு' போடும்.

பொருந்தாத இடங்கள் சில உண்டு. காலையில், மாலையில், இரவில் என்று நாம் ஒரே சீராகச் சொல்ல, ஆங்கிலம் இரவுக்கு மட்டும் 'அட்' என்கிறது. 'திங்கட்கிழமை காலையில்' என்பதில் நம் உருபு காலையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கிழமையே ஆட்சி செய்து 'ஆன்' வருகிறது. 'நெக்ஸ்ட் மண்டே' என்பதற்கு முன் 'ஆன்' கூடாது என்ற விதியை நம்மவர்கள் அடிக்கடி மீறுகிறார்கள். 'அடுத்த திங்கட்கிழமை' என்று தமிழில் உருபில்லாமல் சொல்லும் அதே வாய், கிழமை என்றால் 'ஆன்' என்ற வகுப்பறைச் சூத்திரத்தால் ஆங்கிலத்தில் அதைச் சேர்த்துவிடுகிறது. இந்தப் பிழை தமிழிலிருந்து வந்ததன்று.

இனி, கெடு. ஒரு நாளின் முன்னே பின்னேயில் ஒருவர் சம்பளமும் வழக்கும் போய்விடக்கூடிய இடம் இது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்களின் கைபேசிகளைப் பார்த்தால், வாரம் முழுவதையும் நடத்துபவை நிறுவனத்திடமிருந்து வந்த சின்னச் சின்ன ஆங்கிலச் செய்திகள்தான் என்பது புரியும். 'ரிப்போர்ட் பை 8', 'மெடிக்கல் ஆன் கமிங் ஃப்ரைடே', 'சப்மிட் பாஸ்போர்ட் காப்பி பிஃபோர் 15' என்பவை மாதிரியானவை. "அண்ணே, பை எயிட்டுன்னா எட்டு மணிக்கா, எட்டுக்குள்ளயா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் இளைஞர் கேட்பது மிகச் சரியான கேள்வி. விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. 'பை' என்பது 'க்குள்'.

'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள், வெள்ளியும் சேர்த்தி. 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன், வெள்ளி சேராது. 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை, ஒன்று தொடர்ந்து நடந்துகொண்டிருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் இங்கே தடுமாறுவது உலகறிந்தது. அவர்கள் மொழியில் 'பிஸ்' என்ற ஒரே சொல் 'க்குள்', 'வரை' இரண்டுக்கும் வருவதால், 'வெள்ளி வரை ஒப்படை' என்ற பொருளில் ஆங்கிலம் எழுதிவிடுவார்கள். தமிழருக்கு அந்தக் குழப்பம் வரக் காரணமில்லை. 'வெள்ளிக்குள் கொடு' என்பது ஒரு முறை கொடுப்பது; 'வெள்ளி வரை கொடு' என்றால் தினமும் கொடுத்துக்கொண்டே இருப்பது. இந்த வேறுபாடு பள்ளிக்கூடம் போகாதவர் காதுக்கும் கேட்கும்.

'வித்இன்', 'இன்' இரண்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'மூணு நாள்ல வரும்' என்று நாம் சொல்லும்போது மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் கொள்ளலாம், மூன்று நாள் கழித்து என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'இன் த்ரீ டேஸ்' என்றால் பெரும்பாலும் மூன்று நாள் கழித்து. உள்ளே என்ற பொருள் உறுதியாக வேண்டுமானால் 'வித்இன்' போட வேண்டும். சட்டங்கள் அதனால்தான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கின்றன. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த பின் 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். மிகுதி நேர வேலைக்கான கூலிக்கு, அதாவது ஓட்டிக்கு, 14 நாள். முறையற்று வேலையைவிட்டு நீக்கப்பட்டதாகக் கருதுபவர் கடைசி வேலை நாளுக்குப் பின் 1 மாதத்துக்குள் முறையிட்டாக வேண்டும்.

அந்த 7 நாளை எங்கிருந்து எண்ணுவது? சிங்கப்பூரில் இதற்கென்றே எழுதிவைத்த விதி இருக்கிறது. சட்டங்களுக்குப் பொருள்கொள்ளும் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரு நிகழ்விலிருந்து நாள் எண்ணும்போது அந்த நிகழ்வு நடந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. கடைசி நாள் ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ அமைந்தால் அடுத்த வேலை நாள்வரை காலம் நீளும் என்றும் சொல்கிறது. தனிச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாதவரை இதுதான் வழி. தமிழர் வழக்கத்தில் இரண்டு எண்ணும் முறைகளும் இருக்கின்றன. இன்றோடு சேர்த்து எத்தனை நாள் என்று எண்ணும் வீடுகளும் உண்டு, நாளையிலிருந்து எண்ணும் வீடுகளும் உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி குறிக்கும்போது பெரியவர்கள் கூடி விரல்விட்டு எண்ணுவதும் இதனால்தான்.

மாதக் கணக்கு இன்னும் வழுக்கும். இங்கிலாந்தில் டாட்ஸ் என்ற வாடகைதாரருக்கும் வாக்கர் என்ற இட உரிமையாளருக்கும் நடந்த வழக்கு 1981இல் பிரபுக்கள் சபைவரை போனது. நோட்டீஸ் கொடுத்தது 1978 செப்டம்பர் 30. கெடு நான்கு மாதம். வாடகைதாரர் மனுப் போட்டது 1979 ஜனவரி 31. செப்டம்பரின் கடைசி நாளிலிருந்து நான்கு மாதம் என்றால் ஜனவரியின் கடைசி நாள்தானே என்பது அவர் தரப்பு. தேதிக்குத் தேதிதான் கணக்கு, 30க்கு 30, ஆகவே ஒரு நாள் பிந்திவிட்டது என்று தீர்ப்பாயிற்று. ஆங்கிலமே தாய்மொழியாகப் பேசும் நாட்டில், வழக்கறிஞர்கள் துணையோடு, நாட்டின் உச்ச மன்றத்தில் வாதாட வேண்டியிருந்த சங்கதி இது. தங்குவிடுதிக் கட்டிலில் உட்கார்ந்து தனியாக ஒரு கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் இதில் குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. கெடுவைச் சொல்லும் எந்த அறிவிப்பிலும் கடைசித் தேதியையே எண்ணில் எழுதிவிட வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். விடுப்புக் கடிதத்துக்கும் இது பொருந்தும். '3 முதல் 5 வரை விடுப்பு' என்பதோடு '6ஆம் தேதி வேலைக்கு வருகிறேன்' என்றும் எழுதிவிட்டால் 5 சேர்த்தியா என்ற கேள்விக்கே இடமிருக்காது.

வினைக்கு வருவோம். தமிழும் ஆங்கிலமும் இங்கே சில இடங்களில் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் முற்றிலும் எதிராகத் திரும்புகின்றன.

ஒத்துப்போகும் இடம் ஒன்று: 'நாளைக்கு ஊருக்குப் போறேன்.' வினை நிகழ்காலம், பயணம் நாளை. டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று என்ற உறுதி அதில் இருக்கிறது. 'போவேன்' என்றால் வாக்குக் கொடுப்பது போலவோ ஊகம் போலவோ ஒலிக்கிறது. ஆங்கிலத்திலும் முடிவான ஏற்பாட்டுக்கு 'ஐ ஆம் கோயிங் டுமாரோ', வாக்குக்கு 'ஐ வில் கோ'. 'டுமாரோ' வந்தால் 'வில்' என்று வகுப்பில் கற்றவர்கள், தமிழில் தாமே தினமும் பேசுவதை ஆங்கிலத்தில் துணிந்து பேசுவதில்லை.

இன்னொன்று செய்யும் என்னும் முற்று. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பது என்றும் உள்ள இயல்பு. 'ரயில் நாளைக்கு எட்டு மணிக்குக் கிளம்பும்' என்பது வரப்போவது. இரண்டுக்கும் ஒரே 'உம்'. கால அட்டவணையில் உள்ளதை ஆங்கிலம் 'த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் எயிட் டுமாரோ' என்று சாதாரண நிகழ்காலத்தில் சொல்வதும், சூரியனுக்கு 'ரைசஸ்' என்று அதே வடிவத்தைப் போடுவதும் இதற்கு நேர் இணை. எதிர்காலத்துக்கு நிகழ்காலமா என்று திகைக்கும் மாணவனிடம் 'கிளம்பும்' என்ற ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

காலம் மாறி வருவதை நம் இலக்கணிகள் பிழையாகக் கருதவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் முக்காலமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரலாம் என்று 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் இடம் தருகிறது. அதற்கும் முன்னே தொல்காப்பியம் விரைவைக் காரணமாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு உரை எழுதிய சேனாவரையர் அங்கே தரும் காட்டு, இன்றும் எந்த வீட்டிலும் நடப்பது. வெளியே புறப்பட அவசரப்படும் ஒருவன், இன்னும் உண்ணவில்லையா என்று கேட்க, உண்ணாமல் இருப்பவனும் உண்டுகொண்டிருப்பவனும் உண்டு வந்துவிட்டதாகவே இறந்தகாலத்தில் விடை சொல்கிறார்கள். 'இதோ வந்துட்டேன்' என்று நாம் தொலைபேசியில் சொல்வது அந்த மரபு. ஆங்கிலத்தில் இதற்கு இறந்தகாலம் செல்லாது, 'ஐ ஆம் கமிங்'தான்.

எதிராகத் திரும்பும் இடங்களில் முதன்மையானது 'ஹேவ்'. '2019இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்கிறோம். வினை நிகழ்காலம், தமிழில் அது முழுக்கச் சரி. அப்படியே பெயர்த்தால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று வருகிறது. ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' கேட்கிறது. மறுபக்கம், 'நேத்தே அவர்கிட்ட சொல்லியிருக்கேன்' என்று நேற்றையும் 'இருக்கேன்'ஐயும் நாம் தாராளமாகச் சேர்க்கிறோம். 'ஐ ஹேவ் டோல்ட் ஹிம் எஸ்டர்டே' என்பதை ஆங்கிலம் ஏற்காது. அங்கே வெறும் 'டோல்ட்'. ஆக, நாம் விடும் இடத்தில் அது 'ஹேவ்' கேட்கிறது, நாம் போடும் இடத்தில் மறுக்கிறது. ஆங்கில முடிவுற்ற காலத்தைத் தமிழின் 'இரு' துணைவினைக்கு இணையென்று சொல்லிக்கொடுத்தால் இரு பக்கமும் பிழை விளையும். சந்திப்பு எப்போது உறுதியானது, யார் எப்போது தகவல் சொன்னார்கள் என்ற வாக்கியங்களில் இந்தப் பிழை ஓயாமல் வருவதைக் காண்கிறேன். பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

அடுத்தது 'வென்'. 'கடிதம் வந்ததும் கூப்பிடுகிறேன்', 'நீங்கள் வரும்போது சொல்லுங்கள்', 'அவர் வந்தால் கேட்கிறேன்'. கடிதமும் ஆளும் இனிமேல்தான் வரவேண்டும், ஆனால் தமிழ் ஒரு முறை 'வந்த', ஒரு முறை 'வரும்', ஒரு முறை 'வந்தால்' என்கிறது. ஆங்கிலம் மூன்றிலும் சாதாரண நிகழ்காலத்தையே விரும்பும். 'வென் த லெட்டர் வில் கம்' என்று எழுதுபவர் எதிர்காலம் என்பதால் 'வில்' சேர்க்கிறார். தமிழில் அந்த இடத்தில் எதிர்கால முற்று வருவதில்லை என்பதைக் கவனித்திருந்தால் ஆங்கிலத்திலும் கை நின்றிருக்கும்.

சிங்கப்பூர் அறிவிப்புகளுக்கென்று தனியே ஒரு பழக்கம் உண்டு. 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே' என்று 'வில்' வரவேண்டிய இடத்தில் 'வுட்' போடுவது. பணிவாக இருக்கட்டும் என்று எண்ணி எல்லா இனத்தவரும் எழுதுகிறார்கள். வெளியூர் வாசகர், எது நடந்தால் கூட்டம் நடக்கும் என்று நிபந்தனையைத் தேடுவார். தேதி அறிவிப்பில் இதைத் தவிர்ப்பது நல்லது. 'மீட்டிங் ஸ்டார்ட் ஆல்ரெடி' போன்ற சிங்லீஷ் வழக்கை அப்படிக் கடியமாட்டேன். மலாயின் 'சுடா', ஹொக்கியனின் 'லியாவ்' போட்ட தடத்தில் வந்த அந்த 'ஆல்ரெடி', 'ஆரம்பிச்சாச்சு' என்று சொல்லும் தமிழனுக்கு உடனே பிடிபடுகிறது. நண்பர்களிடையே அது முழுமையான மொழி. எழுத்துக்குத்தான் 'ஹேஸ் ஸ்டார்ட்டட்' வேண்டும்.

'ஃபார்வர்ட்' என்ற சொல்லைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' ஆகிவிட்டது என்றால் அது திங்களா, வெள்ளியா? 1998இல் மெக்ளோன், ஹார்டிங் ஆகிய ஆய்வாளர்கள் பயன்படுத்திய இக்கேள்வியை லெரா பொரோடிட்ஸ்கி பிற்பாடு விரிவாகக் கையாண்டார். ஆங்கிலம் பேசுவோரே ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 2002இல் மைக்கேல் ராம்ஸ்கருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள், யாரையோ வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். காலத்தினூடே தாம் நகர்வதாக உணர்பவருக்கு முன்னே இருப்பது வெள்ளி. காலம் தம்மை நோக்கி வருவதாக உணர்பவருக்குத் திங்கள். தமிழில் 'முன்' என்ற சொல் இவ்விரண்டையும் சுமக்கிறது. முன்தினம் என்றால் கழிந்த நாள், முன்னேறு என்றால் எதிரே போ. ஆகவே 'ஃபார்வர்ட்' தமிழருக்கு இரட்டிப்பு ஆபத்து. 'ப்ராட் ஃபார்வர்ட்' என்றால் மட்டும் முன்கூட்டி என்று உறுதி. இந்தியாவிலிருந்து வருவோர் சொல்லும் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் இடம்பெற்ற சொல்தான், பொருளும் தெளிவானது. ஆனால் சிங்கப்பூரில் பலருக்குப் பழக்கமில்லை. புதிய தேதியைச் சேர்த்து எழுதினால் எந்தச் சொல்லானாலும் கெடுதலில்லை.

1987 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் மொழி, தமிழ் தாய்மொழிப் பாடம். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. ஆங்கில வகுப்பில் சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் கலந்திருப்பதால் அங்கே தமிழை வைத்துச் சொல்லித்தர வழியில்லை. தமிழ் வகுப்பில் வழி இருக்கிறது. வேற்றுமை நடத்தும் ஆசிரியர் 'எட்டு மணிக்கு', 'எட்டு மணிக்குள்', 'எட்டு மணி வரை' மூன்றையும் பலகையில் எழுதி எதிரே ஆங்கிலத்தையும் எழுதினால், இலக்கணப் பாடம் பிள்ளைக்கு வேறொரு பயனோடு தெரியும். தமிழ் மட்டுமே பேசும் தொழிலாளர்களுக்கான ஞாயிறு வகுப்புகளில் இது இன்னும் எளிது. அங்கே முதல் பாடத்துக்குப் பாடநூல்கூட வேண்டாம். அவரவர் சம்பளச் சீட்டையும் கைபேசியில் வந்த கடைசிச் செய்தியையும் எடுத்துவரச் சொல்லலாம். அதில் உள்ள தேதி ஒவ்வொன்றும் 'க்கு'வா, 'அன்று'வா, 'க்குள்'ளா, 'வரை'யா என்று முதலில் தமிழில் பிரிக்கட்டும். அதன்பின் 'ஐ ஹேவ்' எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு அடுத்த நான்கு ஞாயிறுகளையும் கொடுக்கலாம்.